வீட்டுக் கிரிலுக்கு எந்தக் கரி? சேலத்திலும் ஏற்காட்டிலும் பார்த்து வாங்குவது எப்படி

கிரில் அடுப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், கோழியை எங்கே வாங்குவது, மசாலாவை எத்தனை மணி நேரம் ஊற வைப்பது என்று வீட்டில் பெரிய பேச்சுவார்த்தையே நடக்கிறது, ஆனால் கரியை மட்டும் விருந்தாளிகள் வாசலில் வண்டியை நிறுத்தும் நேரத்தில் ஓடிப்போய் "இருக்கறதுல ஒரு மூட்டை குடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறோம். அப்புறம் அரை மணி நேரம் விசிறியும் நெருப்புப் பிடிக்கவில்லை, பிடித்தபிறகு கண்ணைத் திறக்க முடியாத புகை, தொடைக்கறி எலும்போரம் வேகும் முன்பே தணல் அடங்கிவிட்டது. மசாலாவிலும் குறையில்லை, சமைக்கிறவர் கையிலும் குறையில்லை. கரிதான் காரணம்.

கரி வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எந்த மரத்துக் கரி என்பதைத்தான். அதைக் கடைசியாகக் கேளுங்கள் என்பேன். முழுதாக வெந்த கரியா, காய்ந்த கரியா, துண்டு என்ன அளவு, இந்த மூன்றும் சரியாக இருந்தால் சாதாரணச் சீமைக்கருவேலங்கரியே அருமையாக வேலை செய்யும். இந்த மூன்றும் சரியில்லை என்றால் பளபளப்பான பையில் போட்டு எவ்வளவு விலைக்கு விற்றாலும் அது தண்டம்.

வெந்த கரி, வேகாத கரி என்றால் என்ன என்று புரிய, மூட்டம் போடுவதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டையை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அளவாக விட்டு, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேக விடுவார்கள். முதலில் கட்டையில் உள்ள ஈரம் போகும். சூடு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மரம் சிதைய ஆரம்பித்துப் புகையும் தாரும் கக்கும். 450, 500 டிகிரி வரை போனால்தான் அந்தத் தாரெல்லாம் பெரும்பாலும் வெளியேறி கார்பன் மிஞ்சும். 100 கிலோ காய்ந்த கட்டை போட்டால் மண் மூட்டத்தில் 20, 25 கிலோ கரி எடுத்தாலே நல்ல வேலை. அவசரப்பட்டு மூட்டத்தை முன்கூட்டியே பிரித்தால் எடை கூட நிற்கும், விற்கிறவருக்கு அதில் லாபம் உண்டு, ஆனால் உள்ளே தங்கிப்போன தார் அத்தனையும் உங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் புகையாக வெளியே வரும். கறியில் ஒட்டி நாக்கில் கசப்பதும் அதுதான்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். "அண்ணா, ரெண்டு துண்டு எடுத்துப் பாத்துக்கலாமுங்களா" என்று கேட்டால் நம் ஊர் விறகுக்கடையில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கட்டைவிரல் தடிமனில் இரண்டு துண்டுகள் எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். நன்றாக வெந்த கரி கணீரென்று கேட்கும், அரைவேக்காடு மொத்தென்று கேட்கும். அடுத்து ஒன்றை உடையுங்கள். வளையாமல், நார் பிரியாமல் பட்டென்று முறிய வேண்டும். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளேயும் வெளியேயும் ஒரே கறுப்பாக, கொஞ்சம் மினுமினுப்பாக, மரத்தின் ரேகையும் ஊசிமுனைத் துளைகளும் அப்படியே தெரியும். நடுவில் பழுப்பு ஓடியிருந்தாலோ, உடையும்போது நார் நாராக இழுத்தாலோ அது இன்னும் பாதி விறகுதான். மூக்கிலும் வைத்துப் பாருங்கள். நல்ல கரிக்கு வாசனையே கிடையாது. புகைந்த வாசனை அடித்தால் தார் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜப்பானில் வக்கயாமா பகுதியில் ஓக் மரத்தில் சுடும் பின்சோட்டான் என்ற கரி இந்தக் கணீர் சத்தத்துக்கே பெயர்போனது. கடைசிக் கட்டத்தில் காற்றைத் திறந்துவிட்டு 1000 டிகிரி வரை சூடேற்றி, வெளியே இழுத்து, ஈரமண்ணும் சாம்பலும் போட்டு அணைப்பார்கள். நமக்கு அது வேண்டியதில்லை, பற்றவைக்கவே பெரும்பாடு, விலையும் கட்டுப்படியாகாது. ஆனால் உச்சத்தில் இருக்கும் கரி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் நம் கையில் இருப்பது எந்த இடத்தில் நிற்கிறது என்று கணிக்க முடியும்.

அடுத்தது ஈரம். கரி காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், அது போதாதென்று எடைக்காகவும் தூசி அடங்கவும் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. மூட்டைக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்கிறதா, பொடி விரலில் சேறாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஈரக்கரி பற்றவே நேரம் எடுக்கும், சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும், சில துண்டுகள் வெடித்துத் தெறிக்கவும் செய்யும்.

மூன்றாவது அளவு, இங்கேதான் பணம் போகிறது. மூட்டையின் மேல்பக்கம் நல்ல துண்டுகளாக இருக்கும், அடியில் முழுக்கப் பொடி. 10 கிலோ மூட்டையில் 2 கிலோ பொடியும் மண்ணும் இருந்தால் நீங்கள் வாங்கியது 8 கிலோதான், அதாவது கிலோ விலை கால் பங்கு ஏறிவிட்டது. அதனால் இரண்டு கடைக் கரியை ஒப்பிடும்போது மூட்டை விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கம்பி வலையில் சலித்து, முட்டை அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை உள்ள துண்டுகளை மட்டும் எடைபோட்டு, கொடுத்த காசை அந்த எடையால் வகுத்துப் பாருங்கள். விலை குறைவு என்று நினைத்த மூட்டை பல நேரம் அதிக விலையாக முடியும். பொடி சும்மா இருந்தாலும் பரவாயில்லை, அது துண்டுகளுக்கு நடுவில் புகுந்து காற்றை அடைத்து மொத்த நெருப்பையும் மந்தமாக்கும். தலையணை அளவுக் கட்டையும் வேண்டாம், அது ஒருபக்கம் கனன்று மறுபக்கம் கறுப்பாகவே கிடக்கும், வாங்கிவிட்டால் சுத்தியலால் உடைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரீட்சையில் தேறிய பிறகு மரத்தைப் பற்றிப் பேசலாம்.

சேலத்தில் விறகுக்கடையில் கரி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மானாவாரி நிலமெல்லாம் பரவிக்கிடக்கும் இந்த மரத்தை மூட்டம் போட்டு லாரி லாரியாக அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் கிரில் போடுகிறவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் இதுவும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். நிலத்தடி நீருக்கும் புல்வெளிக்கும் இது செய்யும் கெடுதல் தனிக்கதை, ஆனால் கரியாக இதைக் குறைசொல்ல முடியாது. கட்டை அடர்த்தியானது, கரியும் அடர்த்தி, சூடு கடுமையாக ஏறும், கைப்பிடித் துண்டுகள் போட்டால் சாம்பல் பூத்தபின் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும். இதன் குறை ஒன்றுதான், பொறி. பற்றும்போது படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும். முதல் பத்து நிமிடம் தள்ளி நிற்க வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது, கொடியில் காயும் துணியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். பொறி அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் படர்ந்தபிறகு இது சாது.

கொட்டாங்குச்சிக் கரி இன்னொரு ரகம். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களங்களை ஒட்டி இதைச் சுடுகிறார்கள், பெரும்பகுதி தண்ணீர் சுத்திகரிப்புக்கான ஆக்டிவேட்டட் கார்பன் செய்யப் போய்விடுகிறது. சாம்பல் ரொம்பக் குறைவு, பொறி கிட்டத்தட்ட இல்லை, நன்றாக வெந்ததாக இருந்தால் புகையே தெரியாது, மரக்கரியைவிட சீக்கிரம் பற்றும். இஸ்திரிப் பெட்டிக்கு இது பிடித்துப்போனதற்கும் பொறி தெறிக்காது என்பதே பெரிய காரணம், துணியில் ஓட்டை விழுந்தால் யார் பதில் சொல்வது? குறை என்னவென்றால் ஓடு மெல்லியது, அதனால் வேகமாக எரிந்து தீரும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழிந்த ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்கார்ந்தால் காற்றுப் போகாது, அப்படியே கொட்டாமல் குறுக்கும் நெடுக்குமாக விழுமாறு கலைத்துப் போடுங்கள். இன்னொன்று, வேகாத கொட்டாங்குச்சி இருக்கிறதே, அதன் புகை மரப்புகையைவிட மோசம், தொண்டையைக் கமறும். உடைத்துப் பார்க்காமல் இதை வாங்கவே கூடாது.

சவுக்குக் கரி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கரையோர மரம், சேலத்தில் எப்போதும் கிடைக்காது. உருளை உருளையாக ஒரே தடிமனில் இருப்பதால் அடுக்க வசதி, நெருப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். புளியங்கரியும் தரமானது, ஒரு காலத்தில் வெடிமருந்து செய்யவே தேடித்தேடி வாங்கியிருக்கிறார்கள். சில்வர் ஓக் கனமில்லாத கரி, பேப்பர் மாதிரி எரிந்துபோகும், பற்றவைக்க அடியில் கொஞ்சம் போடலாம், அதை நம்பிக் கறியை ஏற்ற முடியாது.

உருண்டையாக, சதுரமாக, ஆறுமூலைக் குழாயாக அச்சில் போட்டு வருகிறதே, அந்தப் பிரிக்கெட்டைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். பிரிக்கெட் என்ற ஒரே பெயரில் நம் ஊரில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. முதலாவது, கடலைத்தோல், மரத்தூளை அழுத்திச் செய்யும் பழுப்பு உருளை. இது பாய்லருக்கானது, கரியே கிடையாது, எரித்தால் விறகைப்போலத்தான் புகையும், சமையலுக்கு எடுக்காதீர்கள். இரண்டாவது, கொட்டாங்குச்சிக் கரியைப் பொடித்து மாவுப்பசை சேர்த்து அச்சில் போட்டுக் காயவைத்தது. இதுதான் கிரிலுக்கு உரியது. ஒட்டவைக்க பெரும்பாலும் சேர்ப்பது மரவள்ளி மாவு, ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்து ஆட்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, சாம்பிராணி போடுகிற வில்லை, தீக்குச்சி வைத்ததும் சுருசுருவென்று பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றுவதற்காகவே அதில் வெடியுப்பு மாதிரியான மருந்து சேர்த்திருப்பார்கள். அதன்மேல் உணவை வாட்டாதீர்கள், அடுப்பைப் பற்றவைக்கக்கூட அது வேண்டாம்.

நல்ல கொட்டாங்குச்சிப் பிரிக்கெட் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஒரே சீராக நிற்கும். துண்டுக்கரியின் அளவு உச்சச் சூடு வராது, பற்றவும் அதிக நேரம் பிடிக்கும், பசையும் மற்றதும் சேர்வதால் சாம்பலும் கூடுதல். அதனால் முழுக்கோழி, பெரிய தொடை, எலும்போடு ஆட்டுக்கறி மாதிரி பொறுமையாக வேக வேண்டியதற்கு அது சரி. பிரிக்கெட்டை உலகமெல்லாம் பரப்பியதில் கார் கம்பெனிக்காரர் ஹென்றி ஃபோர்டுக்கும் பங்கு உண்டு, 1920களில் கார் பாகங்களுக்கு அறுத்த மரத்தின் கழிவை வீணாக்காமல் கரியாக்கி அச்சில் போட்டு விற்றார். பையின்மேல் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாத பிரிக்கெட்டை விட்டுவிடுவது நல்லது. நிலக்கரித்தூள் கலந்தது என்றால் உணவுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இவ்வளவையும் படித்துவிட்டு எது வாங்க என்று ஒரே வரியில் கேட்டால், சேலத்து வீட்டுக்கு நான் சொல்வது: உடைத்துப் பார்த்து வாங்கிய சீமைக்கருவேலம் முக்கால் பங்கு, கொட்டாங்குச்சி கால் பங்கு. கொட்டாங்குச்சி முதலில் பற்றி மற்றதைப் பற்றவைக்கும், கருவேலம் பின்னால் நின்று தாங்கும். ஒரு கிலோ கோழிக்குத் திறந்த அடுப்பில் ஒன்றரைக் கிலோ கரி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூடி போட்ட அடுப்பு என்றால் இன்னும் குறையும்.

ஏற்காட்டுக்குக் கணக்கே வேறு. அங்கே வீடு இருக்கிறவர்களும் சரி, எஸ்டேட் தங்குமிடத்துக்கு வார இறுதியில் கரி மூட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்களும் சரி, சீமைக்கருவேலத்தை அடிவாரத்தோடு விட்டுவிட்டு கொட்டாங்குச்சியோ பிரிக்கெட்டோ எடுத்துப்போங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை சேர்வராயன் மலைச் சரிவெல்லாம் காய்ந்த புல்லும் சருகும்தான், பறக்கிற ஒரு பொறி போதும். மலையில் காட்டுத்தீ என்றால் அணைக்கப் போகிறவர்கள் கையில் பச்சைக்கிளையோடு சரிவில் ஏற வேண்டும், தண்ணீர் வண்டி அங்கே போகாது. அந்த நாட்களில் காற்று அடித்தால் வெளியில் அடுப்பே மூட்டாதீர்கள், கோழியை உள்ளே தோசைக்கல்லில் போட்டு எடுங்கள், ருசி ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மலையில் இன்னும் இரண்டு விஷயம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் டவுனைவிட காற்று அங்கே லேசு, அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் நெருப்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அடுப்பின் அடிக்காற்றுத் துளையை முழுதாகத் திறந்து வையுங்கள், கீழே பிடித்த நேரத்தைவிட ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக ஆகும் என்று எதிர்பாருங்கள். அடுத்தது மூடுபனி. மழைக்காலத்தில் அங்கே ஓர் இரவு திறந்துவைத்த கரி காலையில் தொட்டால் ஈரமாகவே இருக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வையுங்கள், பயன்படுத்துவதற்கு முன்பு வெயில் வந்தால் ஒரு மணி நேரம் சாக்கில் பரப்பிக் காயவையுங்கள். மூட்டத்திலிருந்து அன்றே பிரித்த புதுக்கரி கிடைத்தால் மட்டும் உடனே டிரம்மில் அடைக்கக் கூடாது, உள்ளே சூடு தேங்கித் தானே பற்றிக்கொள்ளும், ஒரு நாளாவது வெளியில் காற்றாட விட வேண்டும்.

காப்பிக்கட்டையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வயதான செடிகளைப் பிடுங்கும்போதும் கவாத்து செய்யும்போதும் எஸ்டேட்டுகளில் இது கிடைக்கும், சின்னக் கட்டையானாலும் நல்ல கனம். இதைக் கரியாகத் தேடாதீர்கள், கட்டையாகவே பயன்படுத்துங்கள். நன்றாக வெந்த கரியில் மரத்தின் மணம் என்று எதுவும் மிஞ்சாது, இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அந்த மரத்து மணம், இந்த மரத்து மணம் என்று சொல்லித்தான் கரிப்பைகளுக்கு விலை ஏற்றுகிறார்கள். கிரில் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் மசாலா எண்ணெயும் தணலில் பட்டு ஆவியாகி மேலே வந்து கறியிலேயே படிவதுதான். மரத்தின் மணம் வேண்டும் என்றால் தணல் தயாரானபின் விரல் நீளக் காய்ந்த காப்பிக்கட்டை ஒன்றிரண்டை ஓரத்தில் வைத்து மூடியைப் போடுங்கள். சேலத்தில் என்றால் மாங்கட்டை இருக்கவே இருக்கிறது, கொய்யாக் கட்டையும் நல்ல மணம். பச்சையாக இருக்கக் கூடாது, ஆறு மாதம் நிழலில் காய்ந்திருந்தால் நல்லது. அரளிக்குச்சி எந்த வடிவத்திலும் வேண்டாம், அது விஷம், கறி குத்த அதை ஒடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, பழைய கதவுச்சட்டம் எல்லாமே கூடாது. காப்புக்காட்டுக்குள் போய் விறகு பொறுக்குவது சட்டப்படி குற்றம், சாலையோரம் கிடக்கிறதே என்று வண்டியில் ஏற்றாதீர்கள்.

பற்றவைப்பதற்குச் சீமெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம், வாசனை கறியில் ஏறும் என்பது ஒருபக்கம், பெட்ரோல் ஆவி முகத்தில் அடிக்கும் என்பது அதைவிட முக்கியம். காய்ந்த தென்னம்பாளையும் தேங்காய் நாரும் நம் வீட்டில் கிடைக்கும், அதைவிட நல்ல பற்றுப்பொருள் கிடையாது. ஒரு கனமான இரும்புக் குழாய்த்துண்டோ, சிம்னி என்று கடையில் விற்கும் துளைபோட்ட உருளையோ எடுத்து, அடியில் நார், மேலே கொட்டாங்குச்சிக் கரி, அதன்மேல் கருவேலம் என்று நிரப்பிக் கீழே நெருப்பு வையுங்கள். சூடு மேலே ஏற ஏற கீழிருந்து காற்றை அது தானே இழுத்துக்கொள்ளும், விசிறவே தேவையில்லை, கால் மணியிலிருந்து இருபது நிமிடத்துக்குள் மேல்துண்டின் ஓரம் வெளுக்கும். துத்தநாகம் பூசிய தகர டப்பாவை இதற்கு எடுக்காதீர்கள், அதிலிருந்து கிளம்பும் புகை உடம்புக்கு ஆகாது. கற்பூரம் வைப்பதானால் அது முழுதாக எரிந்து வாசம் அடங்கியபின்பே கறியை ஏற்றுங்கள்.

முழுக்க வெள்ளைச் சாம்பல் போர்த்தும் வரை காத்திருங்கள். கறுப்பாகக் கிடக்கும் துண்டு இன்னும் புகை விடும். இரவில் பார்த்தால் சாம்பலுக்கு அடியில் செக்கச்செவேல் என்று தெரியும். பிறகு தணலை ஒருபக்கம் உயரமாகக் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். கம்பிவலைக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்தால் கடும் சூடு, மேட்டூர் ஜிலேபி மீன், இறால், பனீர், மெல்லிசாக அரிந்த கறி இதற்கெல்லாம் ஏற்றது. நாலைந்து வரை தாங்கினால் நடுத்தரம், கோழிக்கு அதுதான் வேண்டும். ஏழெட்டு வரை தாங்கினால் மக்காச்சோளத்தையும் சர்க்கரைவள்ளியையும் ஓரத்தில் போட்டு மறந்துவிடலாம். கோழித்தொடையைத் தணல் பக்கம் நிறம் வரும் வரை வைத்து, பிறகு வெறும் பக்கத்துக்கு நகர்த்தி மூடி போடுங்கள். கொழுப்பு சொட்டிச் சுவாலை எழுந்தால் தண்ணீர் ஊற்றாமல் கறியை நகர்த்துங்கள், தண்ணீர் பட்டால் சாம்பல் கிளம்பிக் கறியில் ஒட்டும்.

இரண்டு வகைக் கரியில் எதை வைத்துக்கொள்வது என்று உங்களுக்கே தெரிய வேண்டுமானால், விருந்தில்லாத ஒரு சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். சலித்த கரியில் ஒரு கிலோ எடுத்துப் பற்றவையுங்கள். நெருப்பு வைத்த நேரம், வெள்ளை பூத்த நேரம், கையை மூன்று எண்ணும் வரை நீட்ட முடியாத சூடு எப்போது போனது, கடைசியில் மிஞ்சிய சாம்பல் எவ்வளவு, இவ்வளவையும் ஒரு தாளில் குறியுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் அதே அடுப்பில் மற்றக் கரியை அதேபோல. காற்று அடிக்கும் நாளையும் காற்றில்லாத நாளையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். சாம்பலைக் கிளறும்போது கல்லும் உருகிய கட்டியும் தட்டுப்பட்டால் அந்தக் கடை மூட்டையில் மண் அதிகம் என்று பொருள், அடுத்தமுறை வேறு கடை பாருங்கள்.

மொட்டைமாடியில் போடுகிறவர்கள் அடுப்புக்கு அடியில் நாலு செங்கல் அடுக்கி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் சூட்டில் மாடித்தரை ஓடு வெடிக்கும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். கரியடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரிந்தாலும் கொண்டுபோகாதீர்கள். ஏற்காட்டில் மார்கழிக் குளிருக்கு, சமைத்து முடித்த தணல் வீணாகப் போகிறதே என்று அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கத் தோன்றும். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் பொய் நம்பிக்கை. நல்ல கரி புகையாது என்பதால் இந்த வாயு வராது என்றும் நினைக்காதீர்கள், எந்தக் கரியிலும் அது வரும். மூடிய வராந்தா, கார் ஷெட், கூடாரம் எல்லாமே அறைக்குச் சமம்தான். மழை வந்தால் அடுப்பை நனைய விடுங்கள், கறியை எடுத்துக்கொண்டு நீங்கள் உள்ளே போங்கள்.

சமைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம், அடுப்பும் விரியும், கரியும் வீணாகும். அடுப்புக்கு மூடி இருந்தால் மேலும் கீழும் காற்றுத்துளையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடுக்கியால் துண்டுகளை எடுத்து இறுக்கமான மூடி போட்ட இரும்பு டின்னில் போட்டு மூடி, வெளியிலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள், மேலே ஆறியது போலிருந்தாலும் உள்ளே மறுநாள் வரை கங்கு இருக்கும். அந்த மிச்சக்கரியைச் சலித்துப் பொடியைத் தள்ளிவிட்டு, அடுத்தமுறை புதுக்கரியோடு கலந்து போடலாம். ஏற்கெனவே ஒருமுறை எரிந்த துண்டு என்பதால் புகை இன்னும் குறைவாக இருக்கும், சீக்கிரமும் பற்றும், ஆனால் தனியாக அதையே நம்பினால் பாதியில் தீர்ந்துவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.